உள்ளங்கையில் ஊற்றிய தண்ணீர்

1993ஆம் வருஷம். லஸ் நடைபாதையில் ஆழ்வார் பழைய புத்தகக் கடையில்தான் அந்தப் புத்தகம் கிடைத்தது. மலைமாதிரி குவிந்துகிடந்த புத்தகங்களுக்கு அடியிலிருந்து உருவி எடுத்தேன். அட்டை மடங்கி, ஓரமெல்லாம் கரையான் தொட்டிருந்தது. யசுனாரி கவபாட்டாவின் ‘உள்ளங்கைக் கதைகள்’. இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு. அமெரிக்காவில் 1988இல் போட்ட புத்தகம் எப்படியோ மயிலாப்பூர் தெருவுக்கு வந்து சேர்ந்திருந்தது. அவருடைய ‘பனி நாடு’ நாவலைக் கன்னிமாரா நூலகத்தில் முன்னமே படித்திருந்தேன். அந்த ஆள்மேல எனக்கு ஒரு கிறுக்கு இருந்தது. சாயங்காலம் டீக்கு வைத்திருந்த காசு, பஸ்ஸுக்கு வைத்திருந்த காசு எல்லாம் கொடுத்து வாங்கிக்கொண்டு மந்தைவெளிக்கு நடந்தே வந்தேன்.

அப்போது நான் பி.ஏ. இரண்டாம் வருஷம். அம்பேத்கர் நூற்றாண்டு முடிந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ‘கருக்கு’ வந்து ஒரு வருஷம். மராத்தி தலித் எழுத்து பற்றித்தான் எங்கள் கூட்டங்களில் பேச்சு. என் கையில் கவபாட்டாவைப் பார்த்த ஒரு தோழர் கேட்டார்: “ஏன் தோழர், ஜப்பான்காரன் பூவையும் பனியையும் பத்தி எழுதறான். நமக்கு அது இன்னாத்துக்கு?” அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. சும்மா சிரித்து மழுப்பினேன். முப்பது வருஷம் கழித்து இப்போதுதான் அந்தப் பதிலை எழுதுகிறேன்.

எங்கள் வீடு பக்கிங்காம் கால்வாய்க் கரையில் இருந்தது. வீடு என்றால் மேலே தகரம், பக்கத்துக்குத் தட்டி. அம்மா மதுராந்தகம் பக்கத்துச் சேரியிலிருந்து கட்டிக்கொண்டு வந்தவள். மந்தைவெளியில் மூன்று வீட்டில் பாத்திரம் தேய்த்தாள். மாடு மேய்ந்த மந்தைவெளி அந்தக் காலத்திலேயே பங்களாவும் பிளாட்டும் ஆகிவிட்டது. கரை மட்டும் எங்களுக்கு. கரண்டு இல்லாத ராத்திரிகளில் மந்தைவெளி பஸ் ஸ்டாண்டு விளக்கடியில் குந்திப் படிப்பேன், பக்கத்தில் லிஃப்கோ அகராதி. ஒரு பக்கம் படிக்க நாலு தடவை அகராதியைப் புரட்டுகிற எனக்கு, இரண்டு மூன்று பக்கத்தில் முடிகிற கதை ரொம்ப வசதியாக இருந்தது. ஒரு பஸ் போய் அடுத்த பஸ் வருவதற்குள் ஒரு கதை.

கவபாட்டா இப்படி நூற்றுக்கும் மேலே எழுதியிருக்கிறார். இருபதுகளில் ஆரம்பித்து 1972இல் சாகிற வருஷம் வரைக்கும் விட்டு விட்டு எழுதினார். மற்ற எழுத்தாளர்கள் இளவயசில் கவிதை எழுதுவார்கள், நான் அதுக்குப் பதிலாக இதை எழுதினேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். 1899இல் ஒசாகாவில் பிறந்தவர். பதினைந்து வயசு முடிவதற்குள் அப்பா, அம்மா, பாட்டி, அக்கா, கண் தெரியாத தாத்தா என்று வரிசையாக எல்லோரையும் எடுத்துக்கொடுத்தவர். ஜப்பானியரில் முதன்முதலாக இலக்கிய நோபல் வாங்கியவர் (1968) என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். யாருமில்லாத பிள்ளை எழுதியது என்பது மட்டும் படிக்கும்போதே தெரிந்தது.

அதில் ஒரு கதை, ‘நன்றி’. 1925இல் எழுதியது. மலைப்பாதையில் பஸ் ஓட்டுகிற டிரைவர் ஒருத்தன். முன்னால் போகிற குதிரைவண்டியோ கைவண்டியோ, ஒதுங்கி வழிவிட்டால் ஒவ்வொருத்தருக்கும் ‘நன்றி’ சொல்லிவிட்டுத்தான் தாண்டுவான். பதினைந்து ரி தூரம், நம்ம கணக்கில் அறுபது கிலோமீட்டர், முழுக்க அப்படித்தான். அந்த பஸ்ஸில் ஒரு தாய், மகளை டவுனுக்குக் கூட்டிப்போகிறாள். எதுக்கு? விற்க. வறுமை. வழி பூராவும் அந்தப் பெண்ணின் கண் டிரைவர்மேலேயே இருக்கிறது. நாளைக்கு யாரோ முன்பின் தெரியாதவன் கையில் விழப்போகிற பெண், இன்றைக்கு ஒரு நாள் இந்த நல்லவனோடு இருக்கட்டும் என்று தாய் அவனையே கேட்கிறாள். மறுநாள் காலையில் அதே பஸ்ஸில் தாயும் மகளும் ஊருக்குத் திரும்புகிறார்கள். குளிர்காலம் முடிகிறவரைக்கும் மகளை வீட்டிலேயே வைத்துக்கொள்கிறேன் என்கிறாள் தாய். டிரைவர் மறுபடி வண்டிகளுக்கு நன்றி சொல்லிக்கொண்டே போகிறான். கதை முடிந்தது.

படித்துவிட்டு எனக்கு அழுகை வந்தது. ஒதுங்கினவனுக்கு ஒருத்தன் நன்றி சொல்லுகிறான்! எங்கள் பஸ் ஸ்டாண்டில் அதே நேரத்தில் ஒரு டிரைவர், குறுக்கே போன மீன்கூடைக்காரம்மாவைப் பார்த்து, “இன்னாம்மே, வூட்ல சொல்லிக்கினு வந்துட்டியா?” என்று கத்திக்கொண்டிருந்தார். அவரைக் குறை சொல்லவில்லை. அந்த நெரிசலில் ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். ஆனால் ‘ஒதுங்கு’ என்கிற சொல்லை எங்கள் ஜனம் கேட்டமாதிரி வேற யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அம்மாவின் ஊரில் எதிரில் ஊர்க்காரர் வந்தால் வரப்பைவிட்டுச் சேற்றில் இறங்கி நிற்கணும். செருப்பு இருந்தால் கழட்டிக் கையில் எடுத்துக்கணும். இறங்கினவர்களுக்கு யாரும் எதுவும் சொன்னதில்லை. இறங்காதவர்களுக்குத்தான் சொன்னார்கள், கையாலேயும் காலாலேயும்.

‘நன்றி’ என்கிற சொல்லையே யோசித்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் அந்தச் சொல் புழக்கத்தில் இல்லை. அம்மா ஒருநாளும் யாருக்கும் ‘நன்றி’ என்று சொன்னதில்லை. “நல்லா இருப்பே” என்பாள். நன்றி என்கிற சொல் எங்கள் காதில் விழுந்ததெல்லாம் ‘நன்றி கெட்டவனுங்க’, ‘நாய்க்கு இருக்கற நன்றிகூட இல்ல’ என்கிற வசவாகத்தான். கூலி கூடக் கேட்டால் நன்றி கெட்டவன். பிள்ளையைப் படிக்கப் போட்டால் நன்றி கெட்டவன். கீழே இருக்கிறவன் மேலே இருக்கிறவனுக்குக் கட்டவேண்டிய வட்டி அது. பஸ் ஓட்டுகிறவன் கைவண்டி இழுக்கிறவனுக்கு அதைத் திருப்பிக் கொடுக்கிறான் என்று ஒரு எழுத்தாளன் எழுதினால், அவன் எந்த நாட்டுக்காரனாக இருந்தால் என்ன?

அந்தக் கதையை அன்றைக்கு ராத்திரியே அம்மாவுக்குச் சொன்னேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டாள். முடிந்ததும் கொஞ்சநேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டாள்:

“குளுரு போனா இன்னா பண்ணுவா?”

“யாரு?”

“அந்த ஆத்தாக்காரிதான். குளுருன்னு சொல்லிக் கூட்டிக்கினு வந்துட்டா. வெயிலு வந்தா மறுக்கா இட்டுக்கினு போவ மாட்டாளா? அத்த ஏன் எய்தல உன் ஜப்பான்காரன்?”

அழுதுமுடித்த கண்ணை நான் துடைத்துக்கொண்டேன். ஒரு குளிர்காலத்துக்குத்தான் அந்தப் பெண்ணுக்கு விடுதலை. அது கதையிலேயே இருக்கிறது; கவபாட்டா ஒளிக்கவில்லை. நன்றியின் அழகில் மயங்கி நான்தான் தாண்டிப் போய்விட்டேன். கைநாட்டு வைக்கிற அம்மாதான் எனக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுத்தாள் என்று சொன்னால் அது உபசாரம் இல்லை.

அடுத்த வருஷம் கோடையில் நடந்ததை எழுதித்தான் ஆகணும். மந்தைவெளியிலேயே ஒரு தெருவில் ஒரு நண்பர். தெருப் பேரும் ஆள் பேரும் வேண்டாம். நல்ல வாசகர். கவபாட்டாவை என்னைவிட ஆழமாகப் படித்தவர். அவர் வீட்டு வராந்தாவில் உட்கார்ந்து உள்ளங்கைக் கதைகளைப் பற்றி ரெண்டுமணி நேரம் பேசினோம். வெட்டுக்கிளியும் சில்வண்டும் வருகிற கதையைப் பற்றிப் பேச்சு. பிள்ளைகள் தாங்களே செய்த காகித விளக்குகளைத் தூக்கிக்கொண்டு ராத்திரியில் பூச்சி பிடிக்கிறார்கள். விளக்கில் அவரவர் பேரை வெட்டியிருக்கிறார்கள். பையனின் விளக்கு வெளிச்சத்தில் அவன் பேர் பெண்ணின் நெஞ்சில் விழுகிறது. அவள் பேர் அவன் இடுப்பில் விழுகிறது. ரெண்டு பேருக்குமே அது தெரியாது. நண்பர் அதைச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது.

அந்த நேரத்தில் அவர் அம்மா காபி கொண்டுவந்தார். அவருக்கு டபரா டம்ளர். எனக்கு ஒரு எவர்சில்வர் டம்ளர் மட்டும், ஓரம் நசுங்கினது. குடித்து முடித்துக் கவிழ்த்தபோது அடியில் பார்த்தேன். நகப்பூச்சில் சிவப்பாக ஒரு பொட்டு. எனக்கு அந்தப் பொட்டைத் தெரியும். அம்மா வேலை செய்கிற ஒரு வீட்டில் அவளுடைய டம்ளருக்கும் அப்படித்தான் அடையாளம் வைத்திருந்தார்கள், கலந்துவிடக்கூடாது இல்லையா. அம்மா அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? “ரொம்ப தேங்க்ஸ் மாமி” என்றேன். யாரும் சொல்லாமலே எழுந்துபோய், வாசல் குழாயில் அந்த டம்ளரைக் கழுவி, படிக்கட்டோரம் கவிழ்த்துவைத்தேன். கையே செய்தது. அது எப்போ கற்றுக்கொண்டது என்று எனக்குத் தெரியாது. நண்பர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பிறகு மறுபடியும் விளக்கு வெளிச்சத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். நானும் பேசினேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. “எங்க ஊர்ல டம்ளரே கெடையாதுடா. கைய ஏந்தணும். மேலருந்து ஊத்துவாங்க. கேட்டா, அதே தேவலாம். டம்ளரு அவங்களுது. கை நம்முளுது” என்றாள்.

அதுக்குப் பிறகு ‘உள்ளங்கைக் கதைகள்’ என்கிற தலைப்பை என்னால் முன்னமாதிரி பார்க்க முடியவில்லை. உள்ளங்கையில் அடங்குகிற அளவு கதை என்று ஜப்பானில் அர்த்தம். எங்களுக்கு உள்ளங்கை என்பது பாத்திரம். அம்மா சாகிறவரைக்கும் வீட்டில் சொம்பு இருந்தாலும் குழாயடியில் குனிந்து ரெண்டு கையையும் குவித்துத்தான் குடிப்பாள். ஒரு சொட்டு சிந்தாது. அத்தனை வருஷப் பழக்கம்.

அந்தக் கண்ணோடு கவபாட்டாவை மறுபடி படித்தேன். ‘இசுவின் நாட்டியக்காரி’ என்று ஒரு குறுநாவல், 1926இல் வந்தது. படித்த வீட்டு மாணவன் ஒருத்தன், மலைப்பாதையில் ஊர் ஊராகப் போய் ஆடிப்பாடிப் பிழைக்கிற கூத்தாடிக் குடும்பத்தோடு நடக்கிறான். வழியில் ஊர் வாசலில் பலகை வைத்திருக்கிறார்கள்: பிச்சைக்காரரும் கூத்தாடிகளும் ஊருக்குள் வரக்கூடாது என்று. முதல் தடவை படித்தபோது அந்தப் பலகை என் கண்ணில் படவே இல்லை! இன்னொரு இடத்தில் சுனை வருகிறது. கூட்டத்தில் மூத்த பெண்மணி மாணவனை முதலில் குடிக்கச் சொல்கிறாள். பெண்கள் கைவைத்த பிறகு அது அவனுக்கு அசுத்தம் என்று அவளே நினைக்கிறாள். அவனும் குடிக்கிறான். படிக்கட்டோரம் டம்ளரைக் கவிழ்த்துவைத்த என் கை எனக்கு ஞாபகம் வந்தது. கவபாட்டா இதையெல்லாம் பார்த்திருக்கிறார். ரெண்டே வரியில் எழுதியும் இருக்கிறார். எழுதிவிட்டு நாட்டியக்காரியின் கண்ணழகுக்குப் போய்விடுகிறார்.

ஜப்பானில் தீண்டாமை இருந்தது, அதன் மிச்சம் இருக்கிறது என்பதே நம்மில் பலபேருக்குத் தெரியாது. தோல் பதனிட்டவர்கள், மாடு அறுத்தவர்கள், பிணம் எடுத்தவர்கள். புராக்குமின் என்று பேர். 1871இல் அரசாணை போட்டு இழிபெயர்களை ஒழித்தார்கள், இழிவு ஒழியவில்லை. டொசோன் ஷிமாசாகி 1906இல் ‘மீறிய கட்டளை’ என்று ஒரு நாவல் எழுதினார். சாதியை எவனிடமும் சொல்லாதே என்பது அப்பன் போட்ட கட்டளை. வாத்தியாரான மகன் கடைசியில் பிள்ளைகள் முன்னால் மண்டியிட்டுச் சொல்லிவிடுகிறான். நம்ம ஆட்கள் நகரத்தில் வாடகை வீடு தேடும்போது வாயை மூடிக்கொள்வதை நினைத்துக்கொண்டு அதைப் படிக்கணும்.

1922 மார்ச் 3ஆம் தேதி கியோட்டோவில் புராக்குமின் மக்கள் திரண்டு சுய்ஹெய்ஷா என்கிற சங்கத்தைத் தொடங்கினார்கள். சுய்ஹெய் என்பதை ரெண்டு எழுத்தால் எழுதுகிறார்கள். ஒன்று நீர், இன்னொன்று சமம். கொத்தனார் சுவரில் ரசமட்டம் வைத்துப் பார்ப்பாரே, அந்த மட்டம். ‘நன்றி’ கதை வந்தது அதற்கு மூன்றே வருஷம் கழித்து. நான் படித்த உள்ளங்கைக் கதைகளில் அந்த ஜனங்கள் அந்தப் பேரோடு வந்ததாக நினைவில்லை. அவர்கள் கதையை அவர்களுக்குள்ளிருந்தே கெஞ்சி நகாகாமி எழுதினார். 1976இல் அகுதாகவா பரிசு வாங்கினார். 1992இல், நாற்பத்தாறு வயசில் இறந்துபோனார்.

கவபாட்டா நோபல் மேடையில் பேசிய பேச்சுக்கு ‘அழகிய ஜப்பானும் நானும்’ என்கிற அர்த்தத்தில் தலைப்பு. 1994இல் அதே மேடையில் ஏறிய கென்சாபுரோ ஓயே ‘குழம்பிய ஜப்பானும் நானும்’ என்கிற மாதிரி தலைப்பு வைத்துப் பேசினார். பெரியவரை மரியாதையாகவே குறிப்பிட்டார். ஆனால் அழகிய என்கிற சொல்லோடு தன்னால் சேர்ந்துகொள்ள முடியாது என்றார். அந்தச் செய்தியைப் படித்த அன்று எங்கள் கூட்டத்தில் ‘தலித் அழகியல்’ பற்றி விடிய விடிய சண்டை. நான் ஓயேயைப் பற்றிச் சொன்னேன். முன்னால் கேள்வி கேட்ட தோழர், “அப்ப அவன் நம்மாளு” என்று தோளில் தட்டினார்.

பல வருஷம் கழித்து, ‘நன்றி’ கதையை வைத்து ஹிரோஷி ஷிமிசு 1936இல் எடுத்த படத்தைப் பார்த்தேன். அதில் கவபாட்டாவிடம் இல்லாத ஒரு கூட்டம் வருகிறது: சாலை போடுகிற கொரியக் கூலிகள். 1910இல் ஜப்பான் கொரியாவைப் பிடித்துக்கொண்டது. அங்கேயிருந்து பிழைக்க வந்தவர்கள். வேலை முடிந்து அடுத்த இடத்துக்கு மூட்டை முடிச்சோடு நடந்துபோகிறார்கள். அதில் ஒரு பெண் டிரைவரிடம் ஓடிவருகிறாள். இங்கேயே செத்துப்போன தன் அப்பாவின் சமாதிக்குப் பூவும் தண்ணீரும் வைக்கச் சொல்கிறாள். நாங்கள் போட்ட இந்தச் சாலையில் ஒரு தடவையாவது நல்ல துணி உடுத்திப் போக ஆசைப்பட்டேன் என்கிற மாதிரி பேசுகிறாள். அவன் பஸ்ஸில் ஏறச் சொல்கிறான். அவள் தன் ஆட்களோடு நடந்தே போய்விடுகிறாள்.

அந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டேன். எங்கள் கரைக்குப் பக்கத்தில் பறக்கும் ரயில் கட்டினபோது என் தம்பியும் அவன் சிநேகிதர்களும் ஜல்லி சுமந்தார்கள். தூண் எழும்ப எழும்ப எங்களை எடுக்கச் சொன்னார்கள். 2000இல் ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகருக்குப் போனோம். மந்தைவெளி ஸ்டேஷனுக்கு 2004இல் ரயில் வந்தபோது அதில் ஏற நாங்கள் மந்தைவெளியில் இல்லை. அம்மா விடியக்காலம் எழுந்து ரெண்டு பஸ் மாறி, அதே மந்தைவெளிக்கு வந்து பாத்திரம் தேய்த்துவிட்டுத் திரும்புவாள். முட்டி தேய்கிறவரைக்கும் போனாள். 2011இல் செத்தாள்.

இப்போது தோழருக்குப் பதில். கவபாட்டா எனக்கு ரெண்டு காரணத்துக்காக வேணும்.

ஒன்று, அழகு அவர்களுக்கு மட்டும் எழுதிவைத்த சொத்து கிடையாது. ஒரு பையன் பேர் வெளிச்சமாக ஒரு பெண்ணின்மேல் விழுகிற காட்சி எனக்கும் சொந்தம். என்னால் அதை நண்பர் படித்தமாதிரி படிக்க முடியாது, அவ்வளவுதான். 2015இல் உடன்படித்த பெண்ணோடு திருச்செங்கோட்டில் கோயிலில் பேசிக்கொண்டிருந்ததற்காக கோகுல்ராஜைக் கடத்திக் கொன்று தண்டவாளத்தில் போட்ட நாடு இது. எந்தப் பேர் எந்தப் பேர்மேல் விழலாம் என்று ஊரே கணக்குவைத்திருக்கிறது. அது தெரிந்தவனுக்குத்தான் அந்த விளக்கு எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும்.

ரெண்டாவது, அளவு. நம்ம பிள்ளைகள் எழுத வரும்போது, “அண்ணே, நாவல் எழுதற அளவுக்கு நேரமில்ல, வீட்ல எடமில்ல” என்கிறார்கள். உண்மை. முழு ராத்திரி விளக்கும் தனி அறையும் நம்மில் எத்தனை பேருக்கு இருக்கிறது? ஒரு பஸ் போய் அடுத்தது வருவதற்குள் எழுதுகிற கதை போதும். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் நம்ம ஜனம் குடிக்கிற மேல்நிலைத் தொட்டியில் மலம் கிடந்தது. அதற்கு ஆயிரம் பக்கம் அறிக்கை வரட்டும். அந்தத் தண்ணீரைப் பிள்ளைக்குக் குடிக்கக் கொடுத்த ஒரு தாய் சொல்லுகிற ரெண்டு பக்கமும் வேணும்.

1927 மார்ச் 20ஆம் தேதி மகாத்தில் அண்ணல் சவுதார் குளத்தில் இறங்கினார். சொம்போ டம்ளரோ கேட்கவில்லை. குனிந்து உள்ளங்கையில் அள்ளிக் குடித்தார். பின்னாலேயே ஆயிரக்கணக்கான பேர் அள்ளினார்கள். யாரும் ஊற்றுவதற்காக ஏந்தாமல், தானே அள்ளின உள்ளங்கை. உள்ளங்கைக் கதை என்று நான் இப்போது சொல்லும்போது அந்தக் கையைத்தான் நினைக்கிறேன்.

அம்மா சொன்ன ஒன்றை அவள் சொன்னமாதிரியே எழுதி முடிக்கிறேன்.

“எனுக்கு ஏழு வயசு இருக்கும். களையெடுக்கற எடத்துல தாகம். கெணத்தாண்ட நின்னுக்கினு கைய ஏந்துனேன். அந்தம்மா மேலருந்து ஊத்துனா. ஊத்தசொல்ல குடத்த அந்தாண்ட நவுத்துவா. நான் கைய அந்தாண்ட கொண்டும்போவேன். இந்தாண்ட நவுத்துவா. இந்தாண்ட வருவேன். எல்லாரும் சிரிப்பாங்க. தெனைக்கும் இதான். ஒரு நாளு ஊத்த வந்தா. நான் கைய ரெண்டையும் பின்னாடி கட்டிக்கினேன். தண்ணி கீய ஊத்திச்சி. அவ என்ன பாத்தா. நான் அவள பாத்தேன். குடிக்காமயே பூட்டேன்.”

எத்தனை பக்கம் வரும் இது? உங்கள் வீட்டிலும் இருக்கும். கேட்டு எழுதுங்கள்.